பெட்டி வாசலுக்கு வருமுன்: புது ஆடியோ செட் வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் பணம் கட்டியாகிவிட்டது. பொருள் வந்து சேர ஐந்து நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். அதுவரை டிராக்கிங் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதால் லாரி வேகமாக ஓடப்போவதில்லை. ஆனால் இந்த நாட்களில் முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதை இப்போதே முடிப்பதற்கு ஒரு வலுவான காரணமும் உண்டு.

பெரும்பாலும் பொருள் வீட்டில் இறங்கிய அன்றே ரிட்டர்ன் கெடு ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் பெட்டியைப் பிரித்தீர்களா, பாட்டுக் கேட்டீர்களா என்பதெல்லாம் கணக்கில் வராது. அன்றைக்குப் பார்த்து வயர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, ரிசீவர் (ஹோம் தியேட்டருக்கான ஆம்ப்ளிஃபையர்) அலமாரிக்குள் நுழையவில்லை என்றால், பழுதைக் கண்டுபிடிக்க வேண்டிய நாட்கள் வயர் தேடுவதிலேயே போய்விடும். இன்ச் டேப்பை வைத்து இன்று கண்டுபிடிக்கும் தவறுக்குச் செலவே கிடையாது. அதே தவறு பெட்டி பிரித்த பிறகு தெரிந்தால், முப்பது கிலோவைத் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழும்.

ஸ்டீரியோ செட், ஹோம் தியேட்டர், டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) மூன்றுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். உங்களிடம் இல்லாத பொருளைப் பற்றிய பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

1. முதலில் காகிதங்கள்

ஆர்டர் உறுதிச் செய்தியைத் திறந்து மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். கடைசியில் வரும் ஒரே ஓர் எழுத்து நிறத்தைக் குறிக்கலாம், மின்னழுத்தத்தையும் குறிக்கலாம். அடுத்து எண்ணிக்கை. அலமாரியிலோ ஸ்டாண்டிலோ வைக்கும் சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களைப் பெரும்பாலும் ஜோடியாக விற்பார்கள். தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர்களைப் பல கடைகள் ஒன்று ஒன்றாக விலை போட்டு விற்கும். ஜோடி என்று நினைத்து ஒன்றுக்குப் பணம் கட்டியவர்கள் பலர். ஆர்டரில் எண்ணிக்கை ஒன்று என்று இருந்தால் இன்றைக்கே கடைக்குக் கேட்டு எழுதுங்கள். இரண்டாவதைப் பிறகு தனியாக வாங்கினால் வேறு தொகுப்பிலிருந்து வரலாம்; மரப்பூச்சின் நிறம்கூட ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

ரிட்டர்ன் விதிகளைப் படித்துப் படம் எடுத்து வையுங்கள். நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்: எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள், பிரித்த பெட்டியை ஏற்பார்களா, திருப்பி அனுப்பும் கூலி யாருடையது. சில கடைகள் திரும்பி வரும் பொருளுக்கு விலையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். அது விதிகளில் எங்கோ கடைசி வரியில்தான் இருக்கும்.

வாரன்டிக்கு பில் முக்கியம். பில்லில் மாடல் எண், தேதி, கடையின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். சீரியல் நம்பரும் இருந்தால் மிக நல்லது. வாரன்டி பொதுவாக வாங்கிய தேதியிலிருந்து தொடங்கும். நிறுவனத்தின் அங்கீகாரம் பெறாத விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால் நிறுவனத்தின் வாரன்டி கிடைக்காமல் போகலாம். பாஸிவ் ஸ்பீக்கருக்கு (உள்ளே ஆம்ப்ளிஃபையர் இல்லாதது) தரும் காலம் ஆம்ப்ளிஃபையருக்கும் சப்வூஃபருக்கும் (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) தரும் காலத்தைவிட வழக்கமாக அதிகம். அதனால் ஒவ்வொரு பொருளின் கடைசித் தேதியையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

வேறு நாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால் செலவுக் கணக்கே வேறு. ஸ்பீக்கர், ஹெட்போன், ஆம்ப்ளிஃபையர் ஆகியவை சுங்க வகைப்பாட்டில் 8518 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. டர்ன்டேபிள், சிடி பிளேயர் போன்றவை 8519. உங்கள் நாட்டு வரி விகிதத்தை இந்த எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். பல நாடுகளில் பொருளின் விலையோடு கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு வரி போடுவார்கள். கூரியர் கூலியும் உண்மையான எடைக்கு மட்டும் இராது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் 'கன எடை', உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பெரும்பாலான கூரியர்கள் கட்டணம் போடும். 60 × 50 × 40 செ.மீ. பெட்டி உள்ளே பத்தே கிலோ இருந்தாலும் 24 கிலோவாகக் கணக்காகும். ஸ்பீக்கர் பெட்டிகள் இந்தக் கணக்கில் எப்போதும் அடி வாங்கும்.

2. பின்பக்கத்தில் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது

உலகத்தில் சில இடங்களில் 100 வோல்ட், சில இடங்களில் 120, மிகுதி இடங்களில் 220 முதல் 240. மொபைல் சார்ஜர் எல்லாவற்றையும் தாங்கும். ஆம்ப்ளிஃபையர் அப்படி இல்லை. 120 வோல்ட்டுக்குச் செய்த ஆம்ப்ளிஃபையரை 230 வோல்ட்டில் சொருகினால் ஃபியூஸ் போவதோடு தப்பிக்கலாம். டிரான்ஸ்ஃபார்மரோ பவர் சப்ளையோ கருகவும் செய்யலாம். பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்டேஜை மாற்றாது. சில மாடல்களின் பின்புறத்தில் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் பிளக்கைத் தொடக் கூடாது. நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலின் கையேடு கிடைக்கும். இன்றே இறக்கி வைத்துக்கொண்டு பின்பக்கப் படத்தைப் பாருங்கள்.

அடுத்து பிளக் பாயின்ட்களை எண்ணுங்கள். ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, பிளேயருக்கு ஒன்று. பலர் மறப்பது சப்வூஃபரை. அதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருப்பதால் அதற்கும் தனி பாயின்ட் வேண்டும், அதுவும் அது நிற்கப்போகும் மூலையில். உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் கொண்ட ஆக்டிவ் ஸ்பீக்கர் என்றால் சில மாடல்களில் ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் போதும், சிலவற்றில் இரண்டுக்கும் வேண்டும்.

முடிந்தவரை எல்லாப் பொருளையும் எர்த் உள்ள ஒரே பாயின்ட்டிலிருந்து பிரியும் ஒரே தரமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சேருங்கள். ஒரு கருவி ஒரு சுவரிலும் இன்னொன்று எதிர்ச் சுவரிலும் எர்த் எடுக்கும்போதுதான் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஸ்பீக்கரில் நிரந்தரமாகக் குடியேறும்.

3. இன்ச் டேப், பழைய செய்தித்தாள்

முழு அளவு ரிசீவரும் ஆம்ப்ளிஃபையரும் ஏறக்குறைய 43 செ.மீ. அகலம் இருக்கும். அதில் யாருக்கும் சிக்கல் வராது. சிக்கல் ஆழத்தில்தான். ஹோம் தியேட்டர் ரிசீவர்களின் ஆழம் பெரும்பாலும் 35 முதல் 40 செ.மீ.; அதற்குப் பின்னால் எச்டிஎம்ஐ கேபிளும் ஸ்பீக்கர் வயரும் வளைந்து திரும்ப இன்னும் 6 முதல் 8 செ.மீ. வேண்டும். டிவி அலமாரிகள் பலவற்றின் ஆழமே 40 செ.மீ.தான். முன்கதவு மூடாது. இதை இன்றே அளந்தால் அலமாரியின் பின்பலகையில் ஓட்டை போட்டுக்கொள்ள நேரம் இருக்கும்.

ரிசீவருக்கு மேலே குறைந்தது 10 செ.மீ. காற்றுவெளி விடுங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் வேண்டும். மூடிய அலமாரிக்குள் வைத்தால் ஒரு படம் முடிவதற்குள் சூடேறித் தானே அணைந்துவிடும். பலர் அதைப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஸ்பீக்கருக்கு இப்படிச் செய்யுங்கள். கையேட்டில் உள்ள அகலத்துக்கும் ஆழத்துக்கும் செய்தித்தாளை வெட்டித் தரையில் வையுங்கள். அதன் மேல் அட்டைப்பெட்டிகளை ஸ்பீக்கரின் உயரத்துக்கு அடுக்குங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். கதவு முழுதாகத் திறக்கிறதா, ஜன்னல் திரை சிக்குகிறதா, நடக்கும்போது கால் இடிக்கிறதா, குழந்தை போய்ச் சாய்கிறதா எல்லாம் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். வீட்டில் உள்ளவர்களின் ஆட்சேபமும் அப்போதே வந்துவிடும். அதைப் பேசித் தீர்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

மாடிப்படி திரும்பும் இடத்தையும் லிஃப்ட் கதவையும் அளக்கும்போது ஸ்பீக்கரின் அளவைப் பார்க்காதீர்கள், பெட்டியின் அளவைப் பாருங்கள். பெட்டி ஒவ்வொரு பக்கத்திலும் 8 முதல் 10 செ.மீ. கூடுதலாக இருக்கும்.

4. ஸ்பீக்கர் எங்கே, நாற்காலி எங்கே

இந்தப் பகுதிக்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் ஒலியில் மிகப் பெரிய மாற்றம் இங்கேதான் கிடைக்கும். விலை உயர்ந்த கேபிள் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் நாற்காலியை அரை மீட்டர் நகர்த்திப் பார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்து உங்கள் தலைக்கு உள்ள தூரமும் சமமாக இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே 2.2 மீட்டர் என்றால் நாற்காலியும் 2.2 மீட்டரில். ட்வீட்டர் (உச்ச ஒலியை எழுப்பும் சின்னப் பகுதி) உங்கள் காது உயரத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து காது வரை அளந்து பாருங்கள், பெரும்பாலும் 90 முதல் 100 செ.மீ. வரும். புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரின் அடியிலிருந்து ட்வீட்டர் வரை 28 செ.மீ. என்றால், 95 செ.மீ. காதுக்கு 67 செ.மீ. உயர ஸ்டாண்டு தேவை. கடையில் உள்ளது 60 என்றால் அதை வாங்கி ஸ்பீக்கரைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துக்கொள்ளலாம்.

பின்சுவருக்கு ஒட்டி வைத்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) பெருத்துக் குழம்பும். 30 செ.மீ.யில் தொடங்கி முன்னால் நகர்த்திப் பாருங்கள். பின்புறம் துளை உள்ள ஸ்பீக்கருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுங்கள். இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சுவரும் வலதுக்குப் பக்கத்தில் திறந்த வாசலும் இருந்தால் ஒலி ஒரு பக்கம் சாயும். அப்படிப்பட்ட அறையில் எதிர்ச் சுவருக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே யோசியுங்கள்.

நாற்காலியின் இடத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். 343-ஐ அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுங்கள்: 5 மீட்டர் அறைக்கு 34 ஹெர்ட்ஸ், 4 மீட்டர் அறைக்கு 43 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் அறை தானே ஒலிக்கும். அறையின் சரிநடுவில் உட்கார்ந்தால் அந்தச் சுருதியே காணாமல் போகும். பின்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் அதுவே காதை அடைக்கும். அறை நீளத்தில் 38 சதவீதத்தில், அதாவது 5 மீட்டர் அறையில் ஒரு சுவரிலிருந்து 1.9 மீட்டர் தள்ளி, முதலில் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவுக்கு அருகில் இருக்கும் அறையில் மூன்று ஒலிப்பும் ஒரே இடத்தில் வந்து குவியும். அங்கே பெரிய சப்வூஃபர் தொல்லையைத்தான் கூட்டும்.

அறை நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். 'டிர்ர்ர்' என்று தகரம் அதிர்வது போல வால் நீண்டால் கம்பளம், கனமான திரை, புத்தக அலமாரி இவற்றில் ஒன்றாவது தேவை. எதையும் புதிதாக வாங்குமுன் வீட்டில் இருப்பதை நகர்த்திப் பாருங்கள்.

ஹோம் தியேட்டருக்கு: நடு ஸ்பீக்கர் நேர் முன்னே, முன் இரண்டும் அதிலிருந்து இரு பக்கமும் ஏறக்குறைய 30 பாகையில் (டிகிரி), பக்க ஸ்பீக்கர்கள் காதைவிடச் சற்றுப் பின்னால் 100 முதல் 120 பாகைக்குள், உட்கார்ந்தவர் காதுக்குக் கொஞ்சம் மேலே.

5. வயர்

ஸ்பீக்கர் பெட்டிக்குள் வயர் இருக்கும் என்று நம்பாதீர்கள். பாஸிவ் ஸ்பீக்கர்களோடு பெரும்பாலும் வராது. வந்தாலும் மெல்லியதாக, இரண்டு மீட்டர் இருக்கும்.

ஒரு நூலை எடுத்து ஆம்ப்ளிஃபையர் இடத்திலிருந்து சுவர் ஓரமாக, கதவைச் சுற்றி, ஸ்பீக்கர் இருக்கும் இடம் வரை ஓட்டி அளங்கள். அதோடு ஒரு மீட்டர் சேருங்கள். நேர்கோட்டில் அளந்து வாங்கிய வயர் எப்போதும் குறையும். இடது வலது நீளம் கொஞ்சம் மாறினால் காதுக்கு ஒன்றும் தெரியாது. மின்சாரத்துக்கு அந்த ஒரு மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் இரண்டையும் ஒரே நீளமாக வாங்கினால் பிறகு இடம் மாற்றும்போது உதவும்.

தடிமனுக்கு விதி இது: போக வரச் சேர்த்த வயரின் மின்தடை, ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். செம்பு வயர் என்றால் 1.5 சதுர மி.மீ. வயர் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 17 மீட்டர் வரை தாங்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 8 மீட்டர் வரை. 2.5 சதுர மி.மீ. என்றால் முறையே 28, 14 மீட்டர். வீட்டு அறைகளில் இதற்கு மேல் தேவைப்படுவது அரிது. இந்தத் தடிமனைத் தாண்டி வயருக்குச் செலவழிக்கும் பணத்தை ஸ்டாண்டுக்கோ கம்பளத்துக்கோ போடுங்கள்.

ஒரு பொறி: மலிவு வயர்களில் பல அலுமினியக் கம்பி மேல் செம்பு பூசியவை. மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மேலே சொன்ன தூரங்களை மூன்றில் இரண்டாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அலுமினியம்தான். கையில் எடுத்தாலும் எடை குறைவாக இருக்கும்.

முனையில் 10 முதல் 12 மி.மீ. மட்டும் உறையைச் சீவுங்கள். இழைகளை ஒரே திசையில் முறுக்குங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த ஒரே ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டால் போதும், ஆம்ப்ளிஃபையர் பாதுகாப்பு நிலைக்குப் போய் அணையும். பாதுகாப்பு இல்லாத பழைய மாடல் என்றால் உள்ளே டிரான்சிஸ்டர் போய்விடும். முறுக்கிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு முனையையும் பாருங்கள். இந்தக் கவலையே வேண்டாம் என்றால் 4 மி.மீ. பனானா பிளக் போடுங்கள். ஒரு ஸ்பீக்கருக்கு நான்கு வேண்டும்: இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஸ்டீரியோவுக்கு எட்டு, ஐந்து ஸ்பீக்கருக்கு இருபது. சில ஸ்பீக்கர்களின் முனைத் துளையில் பிளாஸ்டிக் மூடி செருகியிருக்கும். அதைப் பிடுங்கினால்தான் பிளக் உள்ளே போகும்.

வயரின் இரண்டு கம்பியில் ஒன்றில் கோடு, எழுத்து, மேடு என்று ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும். அதையே எல்லா இடத்திலும் சிவப்பு முனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் ஓடும் பழைய வயரில் எது எது என்று தெரியவில்லையா? ஆம்ப்ளிஃபையர் பக்கம் வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ், மைனஸை அரை நொடி தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் வூஃபர் (தாழ்ந்த ஒலியை எழுப்பும் பெரிய வட்டம்) வெளியே தள்ளினால் பிளஸ்ஸில் தொட்ட கம்பிதான் பிளஸ். பெரிய வூஃபரை மட்டும் பாருங்கள். மூன்று பிரிவு ஸ்பீக்கர்களில் நடு டிரைவரை (ஒலி எழுப்பும் வட்டங்களில் நடுவானது) சில நிறுவனங்கள் தெரிந்தே எதிர்த்திசையில் இணைப்பதுண்டு.

ஆம்ப்ளிஃபையரில் ஏ, பி என்று இரண்டு ஜோடிக்கு இடம் இருந்தால் கவனம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்து ஓட்டும்போது ஆம்ப்ளிஃபையர் பார்ப்பது 4 ஓம். கையேட்டில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே இரண்டையும் அழுத்துங்கள்.

6. டிவியோடு சேர்க்க

டிவியின் பின்னால் உள்ள எச்டிஎம்ஐ துளைகளில் 'ஏஆர்சி' (ARC) அல்லது 'இஏஆர்சி' (eARC) என்று எழுதியது வழக்கமாக ஒன்றே ஒன்றுதான். டிவி ஒலி ரிசீவருக்குப் போக அந்தத் துளையில்தான் சொருக வேண்டும். ரிசீவர் பக்கமும் அதே பெயர் எழுதிய துளை. டிவி அமைப்பில் 'சிஇசி' (CEC, எச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்குவது) வசதியை இயக்கி, ஒலி வெளியீட்டை வெளிக் கருவிக்கு மாற்ற வேண்டும். சிஇசி-க்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தப் பெயர் வைத்திருப்பதால் அது எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று இப்போதே தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏஆர்சி இல்லாத பழைய டிவி என்றால் ஆப்டிக்கல் கேபிள். அதன் இரண்டு முனையிலும் ஊடுருவித் தெரியும் சின்ன மூடி இருக்கும். கழற்றாமல் சொருகினால் உள்ளே போகாது. அழுத்தினால் துளைதான் உடையும். ஆப்டிக்கலில் ஸ்டீரியோவும் சுருக்கப்பட்ட 5.1 ஒலியும் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருக்கானது) போகும், அதற்கு மேல் போகாது.

எச்டிஎம்ஐ கேபிள் 5 மீட்டரைத் தாண்டினால் சாதாரண செம்புக் கேபிளில் 4கே படம் விட்டு விட்டு மறையும் வாய்ப்பு அதிகம். அந்தத் தூரத்துக்கு உள்ளே ஒளியிழை ஓடும் ஆக்டிவ் ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. டிவிக்குப் போக வேண்டிய முனையில் அடையாளம் இருக்கும். அதைச் சுவருக்குள் புதைக்கும் முன் ஒரு முறை சொருகிப் படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

7. டர்ன்டேபிள் வாங்கியிருந்தால்

ஊசியைத் தாங்கி ஒலியை மின்சாரமாக்கும் பகுதிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். சாதாரண எம்எம் (MM) வகைக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபையரில் 'ஃபோனோ' என்ற துளை இல்லையென்றால் அந்தச் சின்ன மின்சாரத்தைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் தனியாக வேண்டும். சில டர்ன்டேபிள்களில் உள்ளேயே இருக்கும், பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும். உள்ளேயும் வெளியேயும் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒலி கிழிந்து வரும்.

மட்டம் பார்க்கும் ரசமட்டம் ஒன்று, ஸ்டைலஸ் (ஊசி) தட்டில் அழுத்தும் எடையைப் பார்க்கும் சின்னத் தராசு ஒன்று இப்போதே வாங்கி வையுங்கள். எடை எவ்வளவு என்பது கார்ட்ரிட்ஜின் தாளில் இருக்கும். எம்எம் வகைக்குப் பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம். எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று நினைத்து அதைக் குறைக்காதீர்கள். ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் துள்ளி அடிப்பதுதான் தட்டைக் கெடுக்கும். ஸ்பீக்கர் நிற்கும் அதே பலகையில் டர்ன்டேபிள் நிற்கக் கூடாது.

8. டெலிவரி நாள்

டவர் ஸ்பீக்கர் ஒன்றே இருபது, முப்பது கிலோ இருக்கும். தூக்க இன்னொருவரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கொண்டுவருபவர்கள் வாசலோடு விட்டுப் போவார்களா, உள்ளே வைப்பார்களா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் பெட்டியின் ஆறு பக்கத்தையும் பாருங்கள். மூலை நசுங்கல், ஈரக்கறை, வேறு டேப்பால் மறுபடி ஒட்டிய அடையாளம் ஆகியவை கண்ணில் பட்டால் கொண்டுவந்தவர் அங்கே இருக்கும்போதே படம் எடுங்கள். ரசீதில் 'பெட்டி சேதம், உள்ளே சரிபார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று கையெழுத்திட்ட பிறகு கூரியர் காப்பீட்டில் பணம் வாங்குவது மிகக் கடினம். சேதத்தைத் தெரிவிக்கும் கெடு பெரும்பாலும் சில நாட்களே. ரிட்டர்ன் கெடுவை நம்பி அதை விட்டுவிடாதீர்கள்.

9. பிரிக்கும் முறை

குளிர்ந்த லாரியிலிருந்து வெதுவெதுப்பான, ஈரக்காற்றுள்ள அறைக்கு வந்த கருவிக்குள் நீர்த்துளி படியும். சில மணி நேரம் பெட்டியிலேயே இருக்கட்டும். வெளியே கடுங்குளிர் என்றால் ஓர் இரவு.

பிரிப்பதை ஒரே தொடர் வீடியோவாக எடுங்கள்: முகவரிச் சீட்டு, பிரிக்காத டேப், சீரியல் நம்பர், பிறகு உள்ளே. நடுவில் நிறுத்தக் கூடாது. கத்தியின் முனை ஒரு செ.மீ.க்கு மேல் வெளியே தெரிய வேண்டாம். டேப்புக்கு நேர் கீழே ஸ்பீக்கரின் பளபளப்பான பக்கம் இருக்கலாம்.

டவர் ஸ்பீக்கரைப் பெட்டிக்குள்ளிருந்து இழுத்து எடுக்காதீர்கள். மேல் மடிப்புகளை வெளிப்புறம் முழுதாக மடித்து, இருவராகப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெட்டியை மேலே உருவுங்கள். பிடிக்கும்போது கை மரப்பகுதியில் மட்டும். வூஃபரின் நடுக் குமிழும் ட்வீட்டரின் மென்மையான குமிழும் ஒரு விரல் பட்டாலே அமுங்கும்.

ரிசீவர் பெட்டியில் வரும் ஆன்டெனா, அறையின் ஒலியை அளக்கும் சின்ன மைக், ஸ்பீக்கர் பெட்டியில் வரும் ஊசிமுனைக் கால்கள் இவையெல்லாம் தெர்மாகோல் மடிப்புகளில் ஒளிந்திருக்கும். கையேட்டின் பொருள் பட்டியலோடு ஒப்பிட்டு எடுத்த பிறகே பெட்டியை ஒதுக்குங்கள். அந்த மைக் அந்த மாடலுக்கென்று அளவு செய்தது. வேறு நிறுவனத்து மைக் உதவாது.

10. முதல் முறை ஆன் செய்வது

எல்லா வயரையும் இணைத்து முடித்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள். வால்யூம் முழுதாகக் கீழே. ஆன் செய்த சில விநாடியில் பல மாடல்களில் உள்ளே 'டிக்' என்று ரிலே (தானே இயங்கும் சுவிட்ச்) ஒலிக்கும். அதுவரை சத்தம் வராதது இயல்பு.

இடது மட்டும், வலது மட்டும், பிறகு ஒருவர் பேசும் மோனோ குரல் (இரண்டு பக்கமும் ஒரே ஒலி). குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில் நிற்க வேண்டும். நடுவில் நிற்காமல் அலைந்து, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. அடுத்து ஒவ்வொரு டிரைவரின் அருகிலும் காதை வைத்துக் கேளுங்கள், எல்லாம் ஒலிக்கிறதா என்று. பிறகு தாழ்ந்த வால்யூமில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலிக்கோப்பு ஒன்றை ஓட்டுங்கள்.

கரகரப்பு கேட்டால் உடனே ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். ஜன்னல் கண்ணாடி, புகைப்படச் சட்டம், அலமாரிக் கைப்பிடி இவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லையென்றால் ஆம்ப்ளிஃபையரை அணைத்து, இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றுங்கள். கோளாறு ஸ்பீக்கரோடு போனால் ஸ்பீக்கரில் பழுது. அதே பக்கத்தில் தங்கினால் வயர், ஆம்ப்ளிஃபையர் அல்லது அறை. கடைக்கு எழுதும்போது இந்த ஒரு சோதனையின் முடிவைச் சேர்த்து எழுதுங்கள், பதில் வேகமாக வரும்.

இரைச்சல் இருந்தால் இன்புட் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் நிற்கிறதோ அதில்தான் வினை. கேபிள் டிவியின் வயரும் லேப்டாப் சார்ஜரும் முதல் சந்தேகத்துக்குரியவை. எர்த் முள்ளை உடைத்து இரைச்சலை நிறுத்தும் வேலை மட்டும் வேண்டாம், அது உயிருக்கே ஆபத்து.

ரிசீவர் என்றால் முதலில் மென்பொருளைப் புதுப்பியுங்கள். முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது என்பதால் கரன்ட் போகாத நேரமாகப் பாருங்கள். பிறகு மைக்கை ஸ்டாண்டில் காது உயரத்தில் வைத்து, மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் அணைத்து அளவீடு ஓட்டுங்கள். மைக்கைச் சோபாவின் மேல் சாய்த்து வைத்தால் சோபாவின் எதிரொலியையும் சேர்த்து அளக்கும். சப்வூஃபரின் வால்யூம் குமிழ் நடுவில், கிராஸ்ஓவர் குமிழ் (எந்த அதிர்வெண் வரை சப்வூஃபர் ஒலிக்கும் என்ற எல்லை) கடைசி வரை. முடிந்ததும் ரிசீவர் உங்கள் ஸ்பீக்கர்களை 'பெரியது' என்று பதிந்திருந்தால் 'சிறியது' ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்வூஃபரின் தூரம் மட்டும் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். சப்வூஃபருக்குள் உள்ள மின்சுற்றின் தாமதத்தைச் சேர்த்த கணக்கு அது, மாற்றாதீர்கள்.

11. கெடு முடியும் வரை

இருநூறு மணி நேரம் ஓடினால்தான் ஸ்பீக்கர் 'பழகும்' என்று யாராவது சொன்னால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். புது வூஃபரின் தாங்கு பகுதி முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் இளகும். அதற்குப் பிறகு பெரும்பாலும் பழகுவது நம் காதுதான். முதல் நாள் உறுத்திய ட்வீட்டர் ஐந்தாம் நாளும் உறுத்தினால் இடத்தையும் திருப்பும் கோணத்தையும் மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் உறுத்தினால் அந்த ஸ்பீக்கர் உங்களுக்கு ஏற்றதில்லை.

கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் காலண்டரில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். அன்றைக்குள் தினமும் கேட்கும் சத்தத்தில் ஒரு முறை, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு முறை, நள்ளிரவில் மெதுவாக ஒரு முறை கேட்டிருக்க வேண்டும். எல்லா இன்புட்டையும், ரிமோட்டின் எல்லாப் பட்டனையும், புளூடூத்தையும் ஒரு முறையாவது இயக்கியிருக்க வேண்டும்.

பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள். முடிந்தால் வாரன்டி முடியும் வரை வைத்திருங்கள். பழைய பெட்டி இல்லாமல் முப்பது கிலோ ஸ்பீக்கரைப் பத்திரமாக அனுப்ப வழியே இல்லை. இடம் போதவில்லை என்றால் அட்டையை மட்டும் டேப்பை வெட்டித் தட்டையாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். தெர்மாகோல் துண்டுகளில் எது மேலே, எது கீழே, எந்தப் பக்கம் முன்னே என்று பேனாவால் எழுதி ஒரே பையில் கட்டி வையுங்கள்.